தானப்பிரபுவின் ராணி

ஃபிரிட்ஜ் மெக்கானிக்குக்குத் தன் சகலையைக் கண்டாலே ஆகாது. சகலைக்கு மருந்துக்கடை, பேச்சில் மட்டும் பெரிய டாக்டர். ஞாயிறுதோறும் மாமனார் வீட்டுக் கூடத்தில் இருவரும் செஸ் ஆடுவார்கள். ஆட்டம் என்பது மரியாதைக்குச் சொல்வது, அது அடிதடிதான்.

மெக்கானிக்குக் கறுப்புக் காய்; ஆடுவது பிரெஞ்சு டிஃபென்ஸ் என்கிற தற்காப்பு ஆட்டம். சகலை அதற்கு அட்வான்ஸ் வேரியேஷனை எடுப்பார். ஒரு சிப்பாயை முன்னால் தள்ளி மூச்சு முட்ட வைப்பார். பின்னால் இன்னொரு சிப்பாய் அதைத் தாங்கி நிற்கும். ஒருநாள் அந்தத் தாங்கும் சிப்பாயை மெக்கானிக் குதிரையால் வெட்டினார். குதிரைக்குக் குதிரை போக, அவருடைய ராணி நடுப்பலகையில் வந்து உட்கார்ந்தது. வெள்ளை பிஷப் விலகி ராஜாவுக்கு செக் வைத்தது. அது விலகிய வழியில் வெள்ளை ராணி காத்திருந்தது. செக்கைக் கவனித்தால் ராணி காலி.

"நீ தானப்பிரபுப்பா," என்றார் சகலை. கூடமே சிரித்தது. மெக்கானிக்கின் மனைவிதான் கடைசிவரை சிரித்தாள். அதுவே பேராகிவிட்டது. அந்தப் பேரை ஒழிக்காமல் விடுவதில்லை என்று மெக்கானிக் கறுவிக்கொண்டார்.

தன் ரிப்பேர் கடையில், சரிசெய்த ஃபிரிட்ஜ் குளிர்கிறதா என்று காத்திருக்கும் நேரமெல்லாம் பலகையைப் பிரித்தார். மெல்லப் பிடிபட்டது. முன்னால் வந்து மிரட்டுகிற சிப்பாயோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. தாங்குகிறதைத்தான் அடிக்க வேண்டும். குறி சரி, அவசரம்தான் கெடுத்தது. முதலில் தன் பிஷப்பை ஒரு கட்டம் நகர்த்தி செக் வருகிற வழியை அடைத்துவிட வேண்டும்.

அடுத்த ஞாயிறு அப்படியே நகர்த்தினார்.

"என்ன தானப்பிரபு, பயந்துட்டியா?"

மெக்கானிக்கின் குதிரை வெட்டியது, குதிரைக்குக் குதிரை போனது, ராணி அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது.

"திரும்பவுமா? செக்," என்று சகலை பழக்கதோஷத்தில் பிஷப்பை வைத்தார்.

"எங்க செக்கு? நடுவுல யாரு நிக்கிறான்னு கண்ணத் தொறந்து பாருங்க."

ராணிக்கு ராணி போனது. செக் வைக்க வந்த பிஷப் சும்மா செத்தது. சகலையின் முகம் செத்துப்போயிற்று. "கடைக்கு நேரமாச்சு," என்று எழுந்தவர், எந்தப் பேரும் சொல்லாமல் வாசலைத் தாண்டினார். மெக்கானிக்குக்கு உச்சி குளிர்ந்தது.

உள்ளேயிருந்து மனைவி கூப்பிட்டாள்: "தானப்பிரபு, கெளம்பலாமா?"

கேலியாகக்கூட இல்லை, வாயில் வந்ததைச் சொல்லியிருந்தாள்.

"இதோ வர்றேன்," என்று எழுந்தார். எந்தப் பேருக்கு எழுந்தோம் என்பது செருப்பைத் தேடும்போதுதான் உறைத்தது.