சோம்பேறி என்று சொல்லி வைத்தேன்

2009க்குப் பிறகு எங்களுக்குக் கதைக்க ஒன்றுமில்லாமல் போயிற்று. எங்களுக்கு என்றால் எனக்கும் அண்ணைக்கும். கூடப் பிறந்தவர் அல்ல. சுவிஸில், ஓர்லிகோனில் எனக்கு மேல்மாடியில் இருப்பவர், ட்ராம் கழுவுகிறவர். அதுவரை ஞாயிறு முழுக்க ஊர்ப் புதினந்தான். போர் முடிந்த அந்த வைகாசிக்குப் பிறகு வாயைத் திறந்தாலே செத்த ஒருவரின் பெயர் வந்தது. செத்தவர் எவருமில்லாத ஒரு விஷயம் தேவைப்பட்டது. பேஸ்போல் கிடைத்தது.

அதை வீட்டுக்குக் கொண்டுவந்தவன் என் மகன். பள்ளிக்கூடச் சிநேகிதன் ஒருவன் ஒரு சின்னக் கழகத்துக்குக் கூட்டிப்போயிருந்தான். சும்மா பார்க்கப் போன நாங்கள் மூன்றாம் ஞாயிறு தேத்தண்ணிப் போத்தலும் றோல்ஸுமாகப் போனோம். அடுத்த வருடம் அந்தக் கழகத்துக்கு எங்களைவிட வெறிபிடித்த ரசிகர்கள் இல்லை. விதிகள் பாதிதான் தெரியும். அது எந்த ரசிகனைத் தடுத்தது?

எங்கள் வேலை, அடிக்கிற பொடியன்களை எடைபோடுவது.

"அந்தச் செம்பட்டைத் தலை ஓவ்சைட்டிலை விளாசுவான் பார்," என்பார் அண்ணை.

"அண்ணை, இதிலை ஓவ்சைட் எண்டு ஒண்டு இல்லை, அது கிரிக்கெட்."

"இல்லாட்டி என்ன? அவன் அடிக்கிறது அங்கைதானே."

செம்பட்டை, நெட்டையன், என் மகன். மூன்று பேரில் யார் தெரிவு அணிக்குப் போவான் என்பதுதான் வருடக்கணக்காக எங்கள் வழக்கு. மகனின் முறை வரும்போது நான் ஆரம்பிப்பேன்: "இவனோ? நித்திரையாலை எழும்பினதே பெரிய காரியம்." சொந்தப் பிள்ளையை நாலு பேர் முன்னால் புகழக் கூடாது, கண்ணூறு படும். குழந்தைக்குக் கன்னத்தில் கறுத்தப் பொட்டு வைக்கலாம். மீசை முளைத்த பதினாறு வயதுக்காரனுக்கு அதை வாயால்தான் வைக்க வேண்டும்.

அதிலும் பக்கத்தில் இருப்பது அண்ணை. அவர் நாக்கு அப்படி. என் பல்கனித் தக்காளியை "என்ன வடிவாய் வருது" என்றார்; ஒரு கிழமையில் அது கருகிவிட்டது. அவருக்கே அது தெரியும். பாதிப் புகழ்ச்சியில் நிறுத்தி, "நான் ஒண்டும் சொல்லேல்லை" என்பார். பாதியே போதுமாயிருந்தது.

ஒரு ஞாயிறு மகன் இரண்டு பந்துகளை வேலிக்கு அப்பால் அனுப்பினான். இரண்டாவது, வேலிக்கு வெளியே யாரோ பயிரிட்டிருந்த கீரைப் பாத்தியில் போய் விழுந்தது. அண்ணை எழும்பி நின்றார்.

"இவன் இனி இஞ்சை நிக்கமாட்டான். அமெரிக்காதான்."

சரியாக அந்த நேரம் பார்த்துக் கழகத்து ட்ரெய்னர் கையில் கடதாசியோடு எங்களை நோக்கி வந்தார். கடதாசியோடு ஒரு சுவிஸ்காரர் வந்தால் நான் இன்னும் அகதி விசாரணைக்குத்தான் தயாராவேன். கடவுச்சீட்டு வாங்கி எத்தனையோ வருடமாகியும் உள்ளங்கைக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

அவர் நிதானமாக டொய்ச்சில், ஜேர்மன் மொழியில், விளக்கினார். தெரிவு அணியின் குளிர்காலப் பயிற்சிக்கு அடிக்கிறவர்களில் இரண்டு பேரின் பெயர் கொடுக்க வேண்டும். என் மகனும் மனதில் இருக்கிறான். ஆனால் ஒவ்வொரு சனியும் தூரப் பயணம், சிலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். உங்கள் மகன் எப்படி?

வலப்பக்கம் பேனை, இடப்பக்கம் அந்த நாக்கு. யோசித்துப் பதில் சொன்னேன் என்று எழுத ஆசைதான்.

"அவனா? சோம்பேறி. தொடங்கினது எல்லாத்தையும் ஒரு மாசத்திலை விட்டிடுவான். இண்டைக்கு அடிச்சது அதிர்ஷ்டம்," என்று எனக்குத் தெரிந்த டொய்ச்சில் சொல்லி, சிரிக்கவும் செய்தேன்.

யாழ்ப்பாணத்தான் ஒருவன் கேட்டிருந்தால், "பிள்ளை தங்கம், கொண்டு போங்கோ" என்று விளங்கியிருப்பான். ட்ரெய்னர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். நேர்மைக்கு நன்றி என்று கை தந்தார்.

"நல்லாச் சொன்னாய்," என்றார் அண்ணை, நிம்மதியாக.

வியாழக்கிழமை பெயர்கள் வந்தன. செம்பட்டையும் நெட்டையனும்.

வேலைத்தலத்துச் சமையலறையில், கோப்பை கழுவும் இயந்திரத்துக்குப் பின்னால் ஒளித்து நின்று ட்ரெய்னருக்கு அழைத்தேன். என் டொய்ச் வாடகை வீட்டுக்கும் பல் வைத்தியருக்கும் போதுமானது. கண்ணூறுக்குப் போதவில்லை. பிள்ளையைக் கூடாதவன் என்றால் நல்லவன் என்று அர்த்தம் என்றேன். அவர் மரியாதையாகச் சொன்னார்: பட்டியல் போய்விட்டது. அடுத்த வருடம் பார்ப்போம். மகனை உங்களைவிட யாருக்குத் தெரியும்?

அவர் ஒளித்துப் பேசுகிற ஆள் அல்ல. காரணத்தை மகனிடமே சொல்லியிருந்தார். அன்று பின்னேரம் அவன் வாசலில் இருந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்தபடி கேட்டான்.

"அப்பா, நான் எதையெல்லாம் பாதியிலை விட்டனான்?"

"அது கண்ணூறுக்குச் சொன்னதடா. அண்ணை பக்கத்திலை நிண்டவர்."

"அங்கை அண்ணை நிண்டவர். சரி. வீட்டிலை ஆர் நிண்டது?"

தேடிப் பார்த்தேன். பள்ளிக்கூட றிப்போட் வந்த நாட்கள், அவன் தானாகவே சைக்கிள் திருத்திய நாள். அப்போதும் இதைத்தான் சொல்லியிருந்தேன், எவரும் நிற்காத வீட்டில்.

"சுவருக்கும் கண் இருக்கெல்லோ," என்றேன். எனக்குப் பயம் வந்தால் பகிடிதான் முதலில் வரும்.

அவன் சிரித்தான், காசு தேடித் தடவுகிற கிழவரைப் பார்த்துக் கடைக்காரப் பிள்ளை சிரிப்பது போல.

"நான் நல்லா விளையாடுறனோ இல்லையோ? ஒருக்கால் சொல்லுங்கோ."

சொல்லியிருக்கலாம். இரண்டு சொல். ஆனால் நான் ஊரில் புகழக் கேட்ட பொடியன்கள் எல்லோருடைய படங்களும் மாலையோடு மதிலில் ஒட்டியிருந்தன. முதலில் புகழ்ச்சி, பிறகு மாலை: எனக்கு அந்த வரிசையில்தான் தெரியும். இரண்டாவது சப்பாத்தைக் கழற்றும் மட்டும் அவன் காத்திருந்தான்.

அடுத்த கிழமை கழகத்து மட்டையையும் உடுப்பையும் திருப்பிக் கொடுத்தான். அவன் ஒன்றைப் பாதியில் விட்டு நான் கண்டது அதுதான் முதல் தடவை.

பிறகு பாசல் நகரில் ஆய்வுகூடத் தொழில் பழகப் போனான். மூன்று வருடம் கழித்துச் சான்றிதழ் கொடுத்த நாளில், அவனுக்குத் தொழில் பழக்கிய அம்மா என் கையைப் பிடித்து, உங்கள் மகன் மிகவும் கெட்டிக்காரன் என்றார். "ஓம், கெட்டிக்காரன்தான்," என்றேன், தமிழில். பிறகு டொய்ச்சிலும் சொன்னேன்.

மகன் அப்போது எங்கள் வெறுங்கோப்பைகளைக் கொடுத்துவிட்டு வரப் போயிருந்தான்.