மாமனாரின் சுருட்டும் என் கியர் பாக்ஸும்

ஒரு வாரமாகக் காருக்குள் கருகல் நாற்றம். மாமனாரின் சுருட்டுதான் காரணம் என்று நானே தீர்ப்பெழுதிவிட்டேன். செம்பட்டியில் அவருடைய தங்கை மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் மாலை அவர் கையால் விழ வேண்டும். வழியில், "மாமா, அந்தச் சுருட்டைத் தூக்கிப் போடுங்க, மூச்சு முட்டுது" என்றேன். போட்டார், பேச்சையும் நிறுத்திக்கொண்டார். நாற்றம் மட்டும் நிற்கவில்லை. சற்று நேரத்தில் கியரும் விழ மறுத்தது. பட்டு வேட்டியோடு அவரும் சேர்ந்து காரைத் தள்ளினார்.

ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் கியர் பாக்ஸ் ஆயிலை வடித்தார். தார் போலக் கருகியிருந்தது.

"இத எப்பண்ணே மாத்துனீங்க?"

"இஞ்சின் ஆயில்தான் அப்பப்ப மாத்துறேனே!"

"அது வேற, இது வேறண்ணே!"

புது ஆயில் ஊற்றிப் போய்ச் சேர்ந்தபோது பந்தியே நடந்துகொண்டிருந்தது. மாலையை யாரோ பங்காளி போட்டுவிட்டார். மாமனார் அப்போதுதான் வாய் திறந்தார்: "மாப்ளே, இப்பப் பத்த வைக்கலாமா?"

இப்போதெல்லாம் மாதம் ஒருமுறை கியர் ஆயிலை விரலில் தொட்டு மோந்து பார்க்கிறேன். மாமனாரைச் சந்தேகிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.