மூடி இல்லாத விளக்கு

உப்புவெளியில் நான் தங்கியிருக்கும் விடுதியில் என்னோடு ஆங்கிலத்தில்தான் கதைக்கிறார்கள். நான் தமிழில் கேட்பேன், அவர்கள் ஆங்கிலத்தில் பதில் சொல்வார்கள். டென்மார்க்கில் நான் வாழும் துறைமுகப் பட்டினத்திலும் இதே கதைதான். பாண் கடையில் டேனிஷில் கேட்பேன், கடைக்காரப் பெண் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். நாற்பது வருடமாக அந்தக் கடைப் பாணைத்தான் சாப்பிடுகிறேன். இப்போது பிறந்த ஊரிலும் எனக்கு அதே மரியாதை. தப்பித் தவறித் தமிழில் கதைப்பவர்களும் ஒரே மூச்சில் இரண்டு கேள்வி கேட்பார்கள்: "எப்ப வந்தனீங்கள், எப்ப போறீங்கள்?" இதை வெளிநாட்டில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு விளங்கும். ஊரில் இருக்கிறவர்கள் சிரியுங்கள்.

அன்று காலை விடுதி வேலி நெடுக ஆரஞ்சு நிறக் காய்கள் போல ஏதோ தொங்கக் கண்டு கிட்டப் போனேன். வலை விளக்குகள். கடலில் விரித்த வலையின் இரண்டு அந்தத்திலும் இவற்றைக் கட்டி மிதக்க விடுவார்கள். விட்டு விட்டு மின்னும். வேறு படகுகள் வலைமேல் ஏறி அறுத்துவிடாமல் காக்கும். வேலியில் தொங்கியவை எல்லாம் பற்றரி தீர்ந்து கரையொதுங்கிய செத்த விளக்குகள். ஒன்றைக் கையில் எடுத்தேன். அதன் கழுத்து வளைவு என் உள்ளங்கைக்கு முன்பே தெரிந்த வளைவு. டென்மார்க்கில் ஒரு கம்பனியில் வடிவமைப்பாளனாக இருந்தபோது அதை வரைந்தவன் நான். எவ்வளவு காலமாக இவை ஒதுங்குகின்றன என்று முகாமையாளரிடம் கேட்டேன். நான் விலை கேட்கிறேன் என்று நினைத்து, "டேக் வன், சேர். ஃப்ரீ" என்றார். எடுத்துக்கொண்டேன்.

அதே விளக்கில் இரண்டு பெட்டி, பழைய கம்பனியிடம் வாங்கி வந்த புத்தம் புதியவை, என் அறையில் கட்டிலுக்குக் கீழே இருந்தன. அன்று பின்னேரம் டவுனில், ஓர்ஸ் ஹில்லில், சேவைக் கழகக் கூட்டம். நிலைபேறான கைத்தொழில் வடிவமைப்பு பற்றி நான் பேச வேண்டும், பேச்சு முடிந்ததும் பக்கத்துக் கிராமமான சல்லியின் மீனவப் பெண்கள் சங்கத்துக்கு அந்தப் பெட்டிகளைக் கையளிக்க வேண்டும். கழகத் தலைவர் சிவராசா என் வகுப்புத் தோழன். ஏற்பாடு அவனுடையது, யோசனை என்னுடையது.

நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். அந்த விளக்கின் முதல் மாதிரியை நான் திருகு மூடியோடுதான் செய்தேன். மூடியைக் கழற்றலாம், பற்றரியை மாற்றலாம், றப்பர் வளையம் தண்ணீரை உள்ளே விடாது. கம்பனி மேலாளர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: திறக்க முடிந்தால் அடுத்த விளக்கை யார் வாங்குவார்கள்? அன்றே மூடியை வரைபடத்திலிருந்து எடுத்துவிட்டு, உடலை உருக்கி ஒட்டும்படி மாற்றினேன். என்னை யாரும் மிரட்டவில்லை. வேலை போய்விடும் என்ற பயமும் இருக்கவில்லை. பாராட்டு வேண்டியிருந்தது, கிடைத்தது. ஓய்வுபெற்ற பிறகு வீசியெறியாத பொருட்களைப் பற்றி ஊர் ஊராகப் பேசத் தொடங்கினேன். இந்த விளக்கைப் பற்றி மட்டும் எங்கும் பேசியதில்லை.

மணி அடித்துக் கூட்டம் தொடங்கியது. டென்மார்க்கில் பேச்சாளருக்கு ஒரு கோப்பை கோப்பிதான், இங்கே கழுத்தில் மாலை. மாலையோடு எழுந்து செத்த விளக்கை மேசையில் வைத்தேன். எழுதிக் கொண்டுவந்த பேச்சை விட்டுவிட்டு, மேலே எழுதியதையே சொன்னேன். பெட்டிகளைத் திருப்பிக் கொண்டுபோகிறேன், இந்தக் குப்பையைத் தர எனக்கு மனமில்லை என்றும் சொன்னேன். சிவராசா கூரையைப் பார்த்தான்.

சங்கத் தலைவி புவனேஸ்வரி முன்வரிசைக் கதிரையில் இருந்து எழும்பினார்.

"போன முறை விளக்கில்லாமல் விட்ட எங்கட வலையை ஒரு படகு அறுத்துக்கொண்டு போயிட்டுது, ஐயா. நாளைக்குத் திரும்ப இறக்கிறம். உங்கட கவலையை நீங்கள் கொண்டு போங்கோ, விளக்கை வைச்சிட்டுப் போங்கோ."

அவர் திரும்பக் கதிரையில் அமரவில்லை.

"இது சாகும் எண்டு சொல்லுறீங்கள். செத்தாப் பிறகு என்ன செய்யிறது? அதைக் கேக்கத்தானே வந்தனாங்கள்."

என்னைக் காப்பாற்றியது அந்தக் கழகத்தின் ஒரு வழக்கம். பிந்தி வருகிறவர், போன் அலற விடுகிறவர் எல்லோருக்கும் பகிடியாகத் தண்டம் போட ஓர் உறுப்பினர் உண்டு. அவர் பல் வைத்தியர். எழுந்து தொண்டையைச் செருமினார்.

"திறக்க ஏலாத சாமான் செய்ததுக்கு விருந்தினருக்குத் தண்டம். இதைத் திறந்து காட்டும் வரைக்கும் அவருக்குத் தேத்தண்ணி இல்லை."

சிரிப்பில் கூட்டம் கலைந்து மேசையைச் சுற்றிக் கூடியது. பக்கத்திலிருந்த தன் கிளினிக்கிலிருந்து வைத்தியரே சிறிய துளைகருவியைக் கொண்டுவந்தார். நான் கோடு போட்டுக் காட்ட, விறைக்கிற ஊசி போடாமல் அறுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு அவர் விளக்கின் கழுத்தை அறுத்தார். உள்ளே எல்லாம் நல்லபடி இருந்தது, பற்றரி ஒன்றைத் தவிர. சிவராசாவின் ஹாட்வெயார் கடையில் பிளாஸ்டிக் குழாய்க்குப் போடும் திருகு மூடி இருக்குமா என்று கேட்டேன். "எத்தினை வேணும் மச்சான்?" என்று அவன் அப்போதே கடைத் திறப்பை எடுத்தான். மூடி வந்தது, அதன் திருகு வாயை அறுத்த கழுத்தில் ஒட்டினோம். சைக்கிள் ரியூப்பை வளையமாக வெட்டினோம். முதல் முறை தண்ணீர் புகுந்தது. வளையத்தை இரட்டையாக்கிப் புதுப் பற்றரி போட்டு, வாளித் தண்ணீரில் அமுக்கிப் பிடித்தேன். தண்ணீருக்குள் அது மின்னியது. திரும்ப மின்னியது. "நாடி வந்திட்டுது" என்றார் வைத்தியர். பள்ளிக்கூடத்தில் முதன்முதலாக ஒரு மணியை மின்சாரத்தில் அடிக்கவைத்த நாளுக்குப் பிறகு நான் அப்படிச் சத்தம் போட்டதில்லை. மாலையோடு குனிந்திருந்ததில் பூவெல்லாம் வாளிக்குள். அதன் பிறகுதான் தேத்தண்ணீர் கிடைத்தது, ஆறிப்போய்.

பெட்டிகள் சல்லிக்குப் போயின. சாகிற விளக்கெல்லாம் சிவராசாவின் கடைக்கு வரும், திருகு மூடியோடு திரும்பும் என்று பேச்சு. அறுக்கும் அளவையும் ஒட்டும் முறையையும் வரைந்து கொடுத்திருக்கிறேன். என் பெயர் போட்டு நான் வெட்கப்படாத முதல் வரைபடம் அது.

மறுநாள் பொழுதுபடச் சல்லிக் கரைக்குப் போனேன். புவனேஸ்வரியின் தம்பி வலையை இறக்கிவிட்டு வந்துகொண்டிருந்தார். வலையின் ஓர் அந்தத்தில் பெட்டியிலிருந்து எடுத்த புது விளக்கு, மற்ற அந்தத்தில் நாங்கள் திறந்து மூடியது. இருட்டத் தொடங்க இரண்டும் மின்னின. எது எது என்று கரையிலிருந்து என்னால் சொல்ல முடியவில்லை.

"எப்ப போறீங்கள்?" என்று புவனேஸ்வரி கேட்டார்.

"சனிக்கிழமை."

"திரும்ப எப்ப வருவீங்கள்?"

அதை இதுவரை யாரும் கேட்டதில்லை. நான் கடலைப் பார்த்தேன். ஒரு விளக்கு மின்னி அணைய, தூரத்தில் மற்றது மின்னியது. இரண்டுக்கும் நடுவில், கண்ணுக்குத் தெரியாமல், ஒரே வலை நனைந்துகொண்டிருந்தது.