காரணத்தையாவது காட்டும் என்று கேட்டேன்

அன்பான சகோதர சகோதரிகளே, வயிற்றுப்போக்கைப் பற்றிச் சபையில் எழுந்து பேச யாருக்குத்தான் கூச்சம் இருக்காது? எனக்கும் இருக்கிறது. ஆனால் ஆண்டவர் செய்ததை மறைத்தால் நான் நன்றிகெட்டவள்.

எனக்கு ஊர் மாதனூர். ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனில் வேலை. 2003இல் பெருங்குடல் முழுக்கப் புண்ணாகி, அதை எடுத்துவிட்டார்கள். சிறுகுடலின் நுனியை மடித்து, மலம் தங்க உள்ளேயே ஒரு பை தைத்தார்கள். "தையல்காரிக்கே தையல் போட்டுட்டாங்க" என்று என் வீட்டுக்காரர் சிரிக்க வைத்தார். அந்தச் சிரிப்பு ஒரு வருஷம்கூட நிலைக்கவில்லை.

உள்ளே வைத்த பை வீங்கிவிட்டது. ஓயாத வயிற்றுப்போக்கு, ரத்தம், காய்ச்சல், உயிர் போகிற வலி. மாத்திரை கொடுத்தால் அடங்கும், நிறுத்தினால் திரும்ப வரும். பிறகு மாத்திரைக்கும் அடங்கவில்லை. கம்பெனி பஸ்ஸில் அசிங்கப்பட்டுவிடுவேனோ என்ற பயத்தில் காலையில் சாப்பிடுவதையே விட்டேன். அடிக்கடி எழுந்து போனதில் சூப்பர்வைசருக்கு நான் என்றாலே வெறுப்பு. ஒருநாள் என் சின்ன மகள், "அம்மா மேல வாசன வருது" என்று தள்ளிப் படுத்தாள். அன்றைக்குச் செத்துப்போகலாம் என்று நினைத்தேன். விசுவாசிதான், ஆனாலும் நினைத்தேன்.

வேலூரில் டாக்டர் எல்லாப் பரிசோதனையும் செய்துவிடலாம் என்றார். மலத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், குழாய் விட்டுப் பையைப் பார்க்க வேண்டும், துளி சதை எடுத்து அனுப்ப வேண்டும். வேறு வகைக் குடல் நோய் என்று வந்தால் உள்ளே வைத்த பையை எடுக்க வேண்டி வரலாம், அப்புறம் ஆயுசுக்கும் மலத்துக்கு வயிற்றுக்கு வெளியேதான் பை என்றார். எனக்குக் கண் இருட்டிவிட்டது.

வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. பக்கத்து மிஷினில் தைக்கிற தில்ஷாத்தான் எல்லா நாளும் கூட வந்தாள். முடிவு சொல்கிற நாளில் அவள் ஒரு பக்கம் துவா செய்தாள், நான் ஒரு பக்கம் ஜெபித்தேன். சபையில் பாஸ்டர் சொல்வதுபோல் அழகாக ஜெபிக்க வரவில்லை. "ஆண்டவரே, சுகம் கேக்க எனக்குத் தெம்பு இல்ல. காரணத்தையாவது காட்டும்" என்று மட்டும் கேட்டேன்.

கிருமி இல்லை என்று வந்தது. அந்த வேறு நோய்க்கும் அடையாளம் இல்லை. ஆனால் பை நிறையப் புண். டாக்டருக்கே குழப்பம். வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை, இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

வெகுநேரம் உட்கார்ந்ததில் கழுத்து வலித்தது. தேய்த்துக்கொண்டேன். தில்ஷாத் வழக்கம்போலப் பர்ஸைத் திறந்தாள்.

"இன்னாடி, கழுத்தா? இந்தா, போட்டுக்கோ."

டாக்டர் எழுதுவதை நிறுத்தி, அவள் நீட்டிய மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தார். எங்கள் லைனில் டீ என்றால் கூடவே வலி மாத்திரையும் உண்டு. குனிந்து குனிந்து தைத்துக் கழுத்து போய்விடும், பசை வாசனையில் தலை வெடிக்கும். யாராவது ஒருத்தி அட்டை வாங்கி வருவாள், ஆளுக்கொன்று கிள்ளிக்கொள்வோம். அதை நாங்கள் யாரும் மருந்து என்று நினைத்ததே இல்லை.

"இந்த மாத்திரையே பையைப் புண்ணாக்கும்மா. முதல்ல இத நிறுத்துங்க, மத்தத அப்புறம் பேசுவோம்" என்றார் டாக்டர்.

தினமும் என் கையால் கொடுத்தேனே என்று தில்ஷாத் அழுதாள். "இன்னிக்கு நீ குடுக்கலன்னா இது தெரிஞ்சே இருக்காதுடி" என்று அவளைக் கட்டிக்கொண்டேன்.

கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் நின்றது. சில மாதம் கழித்துத் திரும்பக் குழாய் விட்டுப் பார்த்தபோது புண் ஆறியிருந்தது. ஸ்தோத்திரம்! இன்றைக்கும் மற்றவர்களைவிட அதிகமாகத்தான் எழுந்து போகிறேன், இந்தப் பையோடு வாழ்வது அப்படித்தான். ஆனால் பஸ்ஸில் பயமில்லை. மகள் என்மேல் கால் போட்டுத் தூங்குகிறாள். டீ நேரத்தில் தில்ஷாத் என் கழுத்துக்குத் தைலம் தேய்த்துவிடுகிறாள்.

ஜெபிக்கவும் தெம்பில்லாமல் இங்கே உட்கார்ந்திருப்பவர்களே, அரைகுறையாகவாவது கேளுங்கள். டாக்டரிடமும் போங்கள், பரிசோதனைக்குப் பயப்படாதீர்கள். எனக்கான பதில் பக்கத்து மிஷின்காரியின் பர்ஸில் இருந்தது. உங்களுடையது எங்கே இருக்கிறதோ, அவருக்குத் தெரியும்.