ரஹீம் பாயின் காலும் ஆஸ்பத்திரிச் சாக்கடையும்

ரஹீம் பாயின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடலாம் என்று பேச்சு வந்த அன்றுதான், எங்கள் ஆஸ்பத்திரியில் நான் முதன்முதலாக 'பேஜ்' என்ற வார்த்தையை எடுத்தேன்.

மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் லேபில் மைக்ரோபயாலஜிஸ்டாக இருந்தேன். பாய்க்கு நெல்பேட்டையில் தையல் கடை. விளாங்குடிப் பக்கம் பைக் சறுக்கி, கால் எலும்பு முறிந்து, எங்களிடம்தான் ராடு வைத்துக்கொண்டார். ராடோடு ஒரு கிருமியையும் இலவசமாகக் கொடுத்து அனுப்பினோம். சீழ் நிற்கவே இல்லை. கல்ச்சர் ரிப்போர்ட்டில் எல்லா ஆன்டிபயாடிக்குக்கும் நேரே 'ரெசிஸ்டன்ட்', அதாவது எந்த மருந்துக்கும் கிருமி மசியாது.

எலும்பு டாக்டரிடம் சொன்னேன்: "பாக்டீரியாவ மட்டும் கொல்ற வைரஸ் இருக்கு டாக்டர். அதுக்குப் பேருதான் பேஜ். இந்தக் கிருமிக்குப் பொருந்துறது கிடைச்சா கால காப்பாத்தப் பாக்கலாம்."

"எங்க கிடைக்கும்?"

"சாக்கடையில."

இப்படிப் புது சிகிச்சைக்கு அனுமதி தர வேண்டிய எதிக்ஸ் கமிட்டிக்கு முன்பே நிர்வாகி என்னைப் பிடித்துக்கொண்டார். "இத்தாலியன் மார்பிள் போட்ட ஆஸ்பத்திரி மேடம் இது. சாக்கடைத் தண்ணிய ஏத்துறோம்னு தெரிஞ்சா எவன் உள்ள வருவான்?"

தண்ணீரை ஏற்றப் போவதில்லை, அதிலிருந்து பேஜைப் பிரித்து, சுத்திகரித்துத்தான் கொடுப்போம் என்று விளக்கினேன். மார்பிளைத் தடவிப் பார்த்தபடியே தலையாட்டினார்.

பாய் யோசிக்கவே இல்லை. "மெஷின மிதிக்க காலு வேணும்மா. அம்புட்டுதான்." அவர் மனைவி மட்டும் என் காதருகே வந்து, "எங்க மாமிகிட்ட சாக்கடைன்னு சொல்லிராதீங்க" என்றார்.

கமிட்டி அனுமதித்தது. வைகைப் பாலத்தடி, பழங்காநத்தம் கால்வாய் என்று அலைந்து தண்ணீர் எடுத்து, வடிகட்டி, பாயின் கிருமி வளர்ந்த பிளேட்டில் சொட்டு வைத்தேன். கிருமி அசையவில்லை. கடைசியில் எங்கள் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஓடும் கழிவு நீரை வைத்தேன். மறுநாள் சொட்டு விழுந்த இடமெல்லாம் கிருமி செத்து, பிளேட் தெளிந்திருந்தது.

நிர்வாகியிடம் காட்டி, கிருமி பெருகும் இடத்தில்தான் அதைக் கொல்லும் பேஜும் பெருகும் என்றேன். "அப்ப இந்தக் கிருமி..." என்று இழுத்தார்.

"நம்ம வீட்டுப் பிள்ளதான் சார்."

"அத வெளிய சொல்லாதீங்க மேடம்."

வெளியூர் ஆராய்ச்சி லேப் ஒன்று பேஜைச் சுத்திகரித்து அனுப்பியது. டாக்டர் ராடை எடுத்து, புண்ணைக் கழுவி, ட்யூப் வழியாக அதை விட்டார். பேஜிடம் அடிபட்ட கிருமி பழைய மருந்துக்கும் மசியலாம் என்று கூடவே ஆன்டிபயாடிக்கும் ஓடியது. முதலில் காய்ச்சல் ஏறியது. பிறகு காய்ச்சல் விட்டது. சீழ் குறைந்தது. கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. எலும்பு ஒட்டிச் சேர மாதக்கணக்கானது. லேசாகச் சாய்ந்து நடந்தாலும், பாய் தன் காலாலேயே மெஷினை மிதித்தார்.

உடனே வாசலில் ஃப்ளெக்ஸ் எழும்பியது: 'நவீன உயிர் மருத்துவம்'. நிர்வாகி கும்பிட்டபடி நின்றார். சாக்கடை என்ற சொல் அதில் இல்லை. எலும்பு டாக்டரும் இல்லை.

அந்த வாரமே நிர்வாகி மூக்கைத் துடைத்துக்கொண்டு லேபுக்கு வந்தார். "ஜலதோசம் மேடம். இருக்குறதுலயே ஸ்ட்ராங்கான ஆன்டிபயாடிக் எது? ஃபார்மசியில சொல்லி விடுங்க."

"ஜலதோசம் வைரஸால வர்றது. பாக்டீரியா மருந்து அதுக்குக் கேக்காது சார்."

"எதுக்கும் ஒண்ணு போட்டு வைப்போம்."

நான் சொல்லிவிடாததால், தானே ஃபார்மசியில் நேரே வாங்கிப் போட்டுக்கொண்டார். இத்தனை வருட சர்வீஸில் நான் கற்றது இதுதான்: எந்த மருந்திடம் அடி வாங்கினாலும் கிருமி ஒரு பாடம் கற்றுக்கொள்ளும். நம்மிடம் அந்தப் பழக்கம் கிடையாது.