மருந்தும் நெய்ப் பொங்கலும்

என் மகளுக்கு ஏழு வயது. அவளுக்கு வலிப்பு நோய் இருக்கிறது. மூளைக்குள் ஓடுகிற மின்சாரம் திடீரென்று தாறுமாறாகிவிடும். கைகால் வெட்டி இழுக்கும். பார்க்கப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் பிள்ளைகளே, அது ஒட்டிக்கொள்கிற நோய் இல்லை.

மாத்திரைகளுக்கு அது அடங்காததால், டாக்டர் கஞ்சாச் செடியிலிருந்து எடுத்த ஒரு மருந்தை எழுதித் தந்தார். போதை தராத ஒரு பொருளை மட்டும் பிரித்தெடுத்து நல்லெண்ணெயில் கலந்திருப்பார்கள்.

என் மனைவிக்கு அந்தப் பெயரே ஆகவில்லை.

“கஞ்சாவா? ஊர்ல அம்மாகிட்ட என்னங்க சொல்றது?”

“நல்லெண்ணெய்னு சொல்லு. பொய் இல்லையே.”

முறைத்தாள். ஆனாலும் ஊசியில்லாத சிரிஞ்சில் காலையும் மாலையும் அவளேதான் அளந்து கொடுத்தாள். வலிப்பு குறைந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மகள் சுருண்டு படுத்துவிடுவாள். நான் அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் ஐசலின் ஊரில் ஓர் ஓட்டலில் சமையல்காரன். ஞாயிறு காலை வீட்டில் என் நெய்ப் பொங்கல்தான்.

“பொங்கல் தின்னா யாருக்குத்தான் தூக்கம் வராது?” என்று சிரித்துவிடுவேன்.

ஒரு ஞாயிறு மதியம் உலுக்கி எழுப்பியும் அவளால் கண்ணைத் திறந்து வைக்க முடியவில்லை. “ஸோ ஸ்லீப்பி, டாடி” என்று குழறினாள்.

மனைவி மருந்துப் பாட்டிலைக் கையில் எடுத்தாள். “போதைதான் ஏறியிருக்கு. இனிமே ஒரு சொட்டு குடுக்க மாட்டேங்க.”

“திடீர்னு நிறுத்தினா வலிப்பு கூடிடும்னு சொன்னாங்கல்ல? முதல்ல டாக்டருக்கு கால் பண்ணு.”

மூச்சு சீராக இருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். அப்புறம், காலையில் என்ன சாப்பிட்டாள் என்றார். பொங்கல் என்றால் அவருக்குத் தெரியவில்லை. மனைவி போனை என்னிடம் தந்தாள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அரிசி, பருப்பு, நெய் என்றேன். நெய் எவ்வளவு என்று கேட்டார். நிறைய என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

அங்கேதான் விஷயம் இருந்தது. வயிற்றில் கொழுப்பு இருந்தால் இந்த மருந்து ரத்தத்தில் மிக அதிகமாகச் சேருமாம். மற்ற நாட்களில் அவள் சாப்பிடுவது இட்லி. இது போதை இல்லை, மருந்து கூடிப்போனதால் வந்த தூக்கம் என்றார். எழுப்ப முடியாவிட்டால் உடனே தூக்கி வாருங்கள், இல்லையென்றால் நாளை ரத்தம் பார்ப்போம். நீங்களாக நிறுத்தாதீர்கள், தினமும் ஒரே மாதிரி உணவோடு கொடுங்கள் என்றார்.

மனைவி பாட்டிலைத் திரும்ப அலமாரியில் வைத்தாள்.

வலிப்பு அடியோடு போய்விடவில்லை. ஆனால் ஞாயிறு காலையில் மகள் இப்போது நன்றாக விழித்திருந்து சண்டை போடுகிறாள்.

“நாட் ஃபேர் டாடி, சண்டேகூட இட்லியா?”

“பொங்கல் மதியம் வரும்டி,” என்றபடி சிரிஞ்சை நீட்டுகிறாள் என் மனைவி. “இப்போ வாயத் திற.”