புதுநன்மையும் ஒரு ஈசலும்

பூசையில் நன்மை என்கிற அப்பத்தை வாங்குகிற நாளில், நடுராத்திரிக்குப் பிறகு பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது. வெள்ளைக்காரன் ஆண்ட அந்தக் காலத்தில் கோயில் சட்டம் அது. வருகிறவர் ஆண்டவர், அவருக்கு முன்னால் வேறெதுவும் வயிற்றுக்குள் போகலாமா? அந்த வெள்ளை அப்பத்தில் அவருடைய சதையும் ரத்தமும் முழுசாக இருக்கின்றன என்று ஆறு மாதம் ஞானோபதேசம் ஒப்பித்தேன். நம்பவும் செய்தேன். பல்லில் படாமல் விழுங்கக்கூடப் பழகினேன். அம்மாவும் என்னோடு உட்கார்ந்து படித்தாள். எங்கள் இருவருக்கும் ஞானஸ்நானம் ஒன்றாக நடந்தது, அதனால் முதல்முதலாக வாங்கும் புதுநன்மையும் ஒரே நாளில். எத்தனை பேருக்குக் கிடைக்கும் அந்தக் கொடுப்பினை!

விடிகாலையில் கள்ளிக்குப்பத்திலிருந்து அம்பத்தூர் கோயிலுக்கு ஏரிக்கரை மேலே நடந்தோம். முந்தின நாள் நல்ல மழை. வெறும் வயிறு, புதுப் பாவாடை, ஆண்டவர் வேறு வரப்போகிறார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அம்மாவுக்கும்தான். அந்தக் குஷியில் வெள்ளைப் புடவையோடு சறுக்கிச் சேற்றில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"ஏசுவே, இன்னா இது!" என்றாள்.

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவளும் சேற்றிலிருந்தபடியே சிரித்தாள். அந்த நேரம் பார்த்து, புற்றிலிருந்து கிளம்பிய ஈசல் ஒன்று என் வாய்க்குள் புகுந்து தொண்டையில் இறங்கிவிட்டது.

"துப்புடீ!"

"உள்ள பூடுச்சும்மா!"

சிரிப்பு நின்றது. கொசுவாக இருந்தால் கவலையில்லை, அதை யாரும் தின்பதில்லை. ஈசலோ எங்கள் தெருவே அரிசியோடு வறுத்துத் தின்கிற பண்டம்.

"முந்தாநேத்துதானே வறுத்துத் துன்னோம்!" என்று அம்மா தலையில் கை வைத்தாள். "நீ வாங்கலன்னா நானும் வாங்க மாட்டேன். ஊட்டுக்குப் போலாம், வா."

எனக்கு அழுகை முட்டியது. வாயைத் திறக்காமல் மறைத்துவிடலாம். ஆனால் வருகிறவர் நேரே அங்கேதானே இறங்குவார்? பார்த்துவிடுவாரே! அதனால் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, பூசைக்கு உடுத்திக்கொண்டிருந்த சாமியாரிடம் ஓடி எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பிரஞ்சுக்காரர், புத்தகத் தமிழ்தான் பேசுவார்.

"மகளே, நீ எதற்காக வாயைத் திறந்தாய்?"

"சிரிக்க, சாமி."

"உண்பதற்கு அல்லவே?"

"இல்ல சாமி."

"எனில் அது உணவு அன்று. அந்தப் பூச்சிக்கு நேர்ந்த விபத்து." சொல்லிவிட்டுத் தாடி குலுங்கச் சிரித்தார். "இருவரும் வாருங்கள்."

பீடத்துக்கு முன்னாலிருந்த கிராதியில் முழங்கால் போட்டு நாக்கை நீட்டினேன். அப்பம் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எனக்குத் தலை சுற்றியது, பசியிலா பரவசத்திலா தெரியாது. ஆண்டவரே, உள்ளே ஏற்கெனவே ஒருத்தர் இருக்கிறார், கோபித்துக்கொள்ளாதீர் என்று வேண்டிக்கொண்டேன். பக்கத்தில் சேறு காய்ந்த புடவையில் அம்மாவும் நாக்கை நீட்டினாள்.

கைகூப்பித் திரும்பும்போது அவள் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்தேன். என் காதருகே குனிந்து கேட்டாள்:

"ரெண்டு பேரும் உள்ள சண்ட போடாம கீறாங்களாடீ?"

"ஆண்டவரு இடம் உட்டுட்டாரும்மா" என்றேன். அன்று அப்படித்தான் உணர்ந்தேன். இன்றுவரை வேறு மாதிரி நினைக்க எனக்குத் தோன்றவில்லை.